நாலாவது சிலிண்டர்

என் ஷெட் அலமாரியில் மூன்று வருடமாக ஒரு டர்போ கிடக்கிறது. வெளியேறும் எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கித் தள்ளுகிற கருவி. பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஸ்பானர் எடுக்கப் போகும்போதெல்லாம் துணியை விலக்கி, கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு வருவது பழக்கமாகிவிட்டது. வண்டியில் ஏறியிருந்தால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டி ஓடியிருக்க வேண்டிய சக்கரம். என் ஆள்காட்டி விரலுக்கு நாலைந்து சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும்.

அது வண்டியில் ஏறாமல் போன கதை இது. இன்ஜினையே மாற்றுவதா, இருக்கிற இன்ஜினுக்கு டர்போ போடுவதா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவலாம். உதவாவிட்டாலும், நான் தொலைத்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு கணக்கு எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

வண்டி முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர், நாலு சிலிண்டர், 116 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. வளைவுகளில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மேட்டுச் சாலையில் முன்னால் ஒரு லாரி போனால், தாண்டலாமா வேண்டாமா என்று மனதுக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கும். கியரைக் குறைத்து, ஊசியை 7,000 வரை விரட்டி, இன்ஜின் தொண்டை கிழியக் கத்திய பிறகும் லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பேன். இன்னும் கொஞ்சம் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, எதிரே ஒரு எண்ணையும் போட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். நான் எழுதவில்லை. நேராகப் போய் டர்போவை வாங்கிவிட்டேன்.

வண்டிப் பைத்தியங்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டால் உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். இந்தச் சண்டைக்குப் பேர்போன களம் நிஸான் 240எஸ்எக்ஸ். அதன் உடன்பிறப்பான சில்வியாவில், ஜப்பானில், 1991 முதல் 2 லிட்டர் எஸ்ஆர்20டிஇடி என்ற டர்போ இன்ஜின் வந்தது, 205 குதிரைத்திறன். அமெரிக்காவில் விற்ற 240எஸ்எக்ஸுக்கு அதே வருடம் கிடைத்தது 2.4 லிட்டர் கேஏ24டிஇ. டர்போ இல்லை, 155 குதிரைத்திறன். அழகான உடம்பு, இதயம் மட்டும் நிஸானின் பிக்கப் டிரக்குகளிலும் ஓடிய இரும்பு பிளாக் இன்ஜின். ஒரு கட்சி கேஏவைக் கழற்றிப் போட்டுவிட்டு எஸ்ஆரை இறக்கியது. இன்னொரு கட்சி, "இரும்பு பிளாக், 400 சிசி அதிகம், ஏற்கெனவே வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது, இதற்கே டர்போ போட்டால் போதாதா?" என்று கேட்டது. இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. வராது. கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்கிற விகிதம். எஸ்ஆரின் கம்ப்ரஷன் 8.5, கேஏவின் கம்ப்ரஷன் 9.5. ஒன்று பிறக்கும்போதே டர்போவுக்கு என்று பிறந்தது. இன்னொன்று டர்போ வரும் என்று கனவிலும் நினைக்காதது. இரண்டையும் குதிரைத்திறனை மட்டும் வைத்து ஒப்பிட்டால் சண்டை எப்படி முடியும்?

என் கணக்கு இப்படி ஆரம்பித்தது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. டர்போ அதன் மேல் 7 பிஎஸ்ஐ தள்ளினால் (இந்தக் கூடுதலுக்குத்தான் பூஸ்ட் என்று பேர்) மொத்தம் 21.7. வகுத்துப் பார்த்தால் 1.48 மடங்கு. என் இன்ஜின் 1,597 சிசி, அதை 1.48ஆல் பெருக்கினால் 2,364. அதாவது 7 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் என் 1.6, காகிதத்தில், கிட்டத்தட்ட 2.4 லிட்டர் இன்ஜின் குடிக்கிற காற்றைக் குடிக்கும். இந்த வண்டியில் இன்ஜின் மாற்றுபவர்கள் பலர் தேடிப்போகும் ஹோண்டா கே24 இன்ஜினின் கொள்ளளவு என்ன தெரியுமா? 2,354 சிசி. பத்து சிசி வித்தியாசம்! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஹோண்டா இன்ஜினையே காலணிப்பெட்டி அளவுக்கு மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றல்லவா அர்த்தம்?

இல்லை. காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 27 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும் காற்று, 70 சதவீதத் திறன் உள்ள ஒரு கம்ப்ரஸரில் 7 பிஎஸ்ஐ ஏறி வெளியே வரும்போது சுமார் 78 டிகிரி. அதையே 12 பிஎஸ்ஐ ஆக்கினால் 107 டிகிரி, தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கும் மேலே. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஆகவே என் 1.48 மடங்கு அங்கேயே தேய ஆரம்பித்துவிடும். இன்டர்கூலர் வைத்தால் 78ஐ 40 சொச்சத்துக்கு இறக்கலாம். ஆனால் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால்தான் வைத்தாக வேண்டும். அப்போது ரேடியேட்டருக்குப் போவது வெந்த காற்று. ஒரு சூட்டை விரட்டினால் அது இன்னொரு அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஹோண்டாவின் 2.4 லிட்டர், அதே அளவு காற்றை வெளியே இருக்கிற சூட்டிலேயே, யாரும் அமுக்காமல், தானாகவே இழுத்துக்கொள்ளும். டர்போவுக்கும் கொள்ளளவுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் இந்தச் சூடுதான். மற்றதெல்லாம் இதன் பிள்ளைகுட்டிகள்.

மூத்த பிள்ளை, நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ நடுவிலிருந்து ஒழுங்காகப் பரவி ஓரம்வரை போக வேண்டும். சூடும் அழுத்தமும் எல்லை மீறினால், தீ வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். வெளியே கேட்பது டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். உள்ளே, பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய விளிம்பு பெயர்ந்து வருகிறது. தப்பிக்க, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தலாம், பெட்ரோலை அதிகம் ஊற்றிக் குளிரவைக்கலாம், ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடலாம், கம்ப்ரஷனைக் குறைக்கலாம். முதல் மூன்றும் வெளியிலிருந்து செய்கிற வைத்தியம். நாலாவது, வயிற்றைக் கிழிக்கிற ஆபரேஷன். என் இன்ஜினின் கம்ப்ரஷன் 9.4. இதே குடும்பத்தைச் சேர்ந்த 1.6 டர்போ இன்ஜினை மஸ்தா 323இல் போட்டபோது, கம்பெனியே அதை 8க்குக் கீழே இறக்கித்தான் போட்டது. அவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

அதிக கம்ப்ரஷனும் டர்போவும் ஒன்றாகக் குடித்தனம் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு, டர்போ கார்கள் விற்பனைக்கு வந்த முதல் வருடமே இரண்டு பதில் வந்துவிட்டது. 1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை இறக்கியது. செவர்லே கார்வேர் மோன்ஸா ஸ்பைடரில் கம்ப்ரஷனை 8க்குக் குறைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் குறைக்கவில்லை, 3.5 லிட்டர் அலுமினிய வி8, கம்ப்ரஷன் 10.25. நாக்கிங்கை அடக்க, தனி டேங்கில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை வைத்து, பூஸ்ட் ஏறும்போது இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். 215 கன அங்குல இன்ஜினில் 215 குதிரைத்திறன். புத்திசாலித்தனம்தான். ஆனால் வண்டி வாங்கியவர்கள் அந்த டேங்கை நிரப்ப மறந்தார்கள். டேங்க் காலியானால் ஒரு வால்வு மூடிக்கொண்டு பூஸ்ட்டைக் குறைத்துவிடும், வண்டி சோர்ந்துவிடும். கடைசியில் பல ஜெட்ஃபயர்களில் டர்போவையே கழற்றி எறிந்துவிட்டு, சாதாரண கார்புரேட்டரை வைத்து ஓட்டினார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். அந்த அலுமினிய வி8க்கு பியூக்கில் ஓர் உடன்பிறப்பு இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்ட அந்த பியூக் இன்ஜினின் உரிமையை 1965இல் இங்கிலாந்தின் ரோவர் வாங்கியது. அது 'ரோவர் வி8' ஆகி, சொந்த வண்டிகளில் மட்டுமில்லாமல் மோர்கனில் ஏறியது, டிரையம்ஃபில் ஏறியது. தனியார் பட்டறைகள் எம்ஜிபியில் ஏற்றி விற்றதைப் பார்த்துவிட்டு, 1973இல் எம்ஜி கம்பெனியே ஏற்றியது. எம்ஜிபியின் பழைய 1.8 லிட்டர் நாலு சிலிண்டர் முழுக்க இரும்பு. அதோடு ஒப்பிட்டால் இந்த எட்டு சிலிண்டர் அலுமினிய இன்ஜின் எடை கூடியதே இல்லை. இரண்டு மடங்கு சிலிண்டர், மூக்கில் பாரம் ஏறவில்லை. ஆக, ஒரே குடும்பம். அண்ணன் டர்போவால் அவதிப்பட்டான், தம்பி வீடு மாறி மாறிப் போய் நாற்பது வருடம் நன்றாக வாழ்ந்தான்.

இதைப் படித்துவிட்டு நான் உடனே கட்சி மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. காரணம், என் நண்பனின் வண்டி.

அவனுடையதும் இதே மாடல். கே24ஐ இறக்கினான். இன்ஜின் இறங்கி உட்கார்ந்தது இரண்டே நாளில். அன்று எடுத்த படத்தில் அவன் சிரிப்பைப் பார்க்க வேண்டும். வண்டி சொந்தக் காலில் வெளியே வந்தது எட்டு மாதம் கழித்து. குறுக்கே படுத்து ஓடப் பிறந்த இன்ஜினை நீளவாக்கில் நிறுத்துகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப், குறுக்குச் சட்டத்தில் இடித்தது. சம்ப் மாற்ற வேண்டும், கூடவே ஆயில் உறிஞ்சும் குழாயையும். கியர்பாக்ஸோடு இணைக்க இடைத்தகடு. தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் தப்பான பக்கம் பார்த்தன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு புதிதாக வளைக்க வேண்டியிருந்தது. பானெட் மூடுமா என்று பார்க்க, இன்ஜினின் உச்சியில் குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணை உருண்டை உருண்டையாக ஒட்டி, பானெட்டை மெல்ல இறக்கி, திரும்பத் தூக்கினோம். ஒரே ஒரு உருண்டை அப்பளமாகியிருந்தது. அதன் கனத்தை அளந்தான்: மூன்று மில்லிமீட்டர். இன்ஜின் மவுண்ட்டில் குலுங்கினால் மூன்று மில்லிமீட்டர் எந்த மூலைக்கு? மறுபடி மவுண்ட்டை இறக்கினான். சம்ப் மறுபடி இடித்தது.

அதெல்லாம் இரும்பு வேலை. அடித்தால் மடங்கும், அறுத்தால் அறுபடும். எட்டு மாதத்தில் ஐந்தைத் தின்றது வயரிங். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். இரண்டு வண்டியின் வயரிங்கை ஒட்டிப்பார் என்று மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். புது இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ, அந்த இன்ஜின் முதலில் இருந்த வண்டியின் சாவியில் இருக்கிற சிப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆக விடாது. பழைய மீட்டர் பெட்டிக்குப் புது இன்ஜினின் சிக்னல் புரியாது. ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் ஆகாது. கடைசியில் குற்றவாளி பெயிண்ட்டுக்கு மேல் முறுக்கிய ஒரு எர்த் வயர்.

இன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிதித்த கணம் இழுக்கிறது. பூஸ்ட் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, வளைவின் நடுவில் திடீரென்று யாரோ முதுகில் தள்ளுவது போலவும் இல்லை. இன்ஜின் மாற்றுகிறவன் வலியை எல்லாம் முன்பணமாகக் கட்டிவிடுகிறான். டர்போ போடுகிறவனுக்குத் தவணை.

அந்த எட்டு மாதம் அவனுக்கு வேறு வண்டி இருந்தது. எனக்கு இல்லை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக இந்த வண்டிதான். டர்போவை வாரம் ஒன்றாகப் படிப்படியாகப் போடலாம் என்பதுதான் என் முழு வாதமும். இந்த வாரம் ஈசியூ, வண்டி ஓடும். அடுத்த வாரம் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர், வண்டி ஓடும். பிறகு கிளட்ச். கடைசி வாரம் டர்போ. இன்ஜின் மாற்றத்தில் பாதி என்று ஒன்று கிடையாது. இன்ஜின் இல்லாத வண்டி வண்டியே இல்லை.

அப்படித்தான் ஆரம்பித்தேன். இன்ஜெக்டர் கணக்கைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். 200 குதிரைத்திறன் இலக்கு. டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் கேட்கும். மொத்தம் 120 பவுண்டு. நாலு இன்ஜெக்டருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 30. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் விரட்டக் கூடாது, ஆகவே 37.5. ஒரு பவுண்டு என்பது நிமிடத்துக்குப் பத்தரை சிசி. ஆக 400 சிசி இன்ஜெக்டர். வாங்கினேன். தனி ஈசியூவும் வாங்கினேன், பழைய மடல் வைத்த காற்றளவியைத் தூக்கிப்போட்டேன். வண்டி முன்பைவிட மென்மையாகவே ஓடியது. மிதப்பு ஏறியது.

பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு விஷயத்தையும் இந்தக் கட்டத்தில்தான் படித்தேன். அதிக சுற்றில் ராடை இழுத்து நீட்டப் பார்ப்பது பிஸ்டனின் எடை. நடு சுற்றில் அதை அமுக்கி வளைக்கப் பார்ப்பது முறுக்குவிசை. டர்போ கொண்டுவருவது இரண்டாவதை. ஆகவே "எத்தனை குதிரை தாங்கும்?" என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி, அந்தக் குதிரைகள் 3,500 சுற்றிலேயே பாய்ந்து வருகின்றனவா, 6,500இல் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய டர்போ போட்டு மெல்ல ஏறுகிற வண்டியில் பிழைத்துக்கொள்கிற ராடு, சின்ன டர்போ போட்டுச் சட்டென்று ஏறுகிற வண்டியில் வளைந்துவிடலாம். சாலையில் ஓட்ட எல்லோரும் விரும்புவது சின்ன டர்போவைத்தான்.

ராடு தாங்கினால் அடுத்து கிளட்ச், அதற்கடுத்து கியர்பாக்ஸ், அதற்கும் பின்னால், இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியல். 1.6இல் வருவது 6 அங்குல ரிங் கியர் வைத்த டிஃபரென்ஷியல். 1994இல் 1.8 இன்ஜின் வந்தபோது மஸ்தா அதை 7 அங்குலமாக்கியது. இந்த இடத்தில் இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட வேண்டும். பின்சக்கரத்துக்குப் போகிற முறுக்கு எங்கிருந்து வந்தது என்று டிஃபரென்ஷியலுக்குத் தெரியாது. பிரேக்குக்கும் தெரியாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள்தான் இரண்டு கட்சியிலும் அதிகம். நானும் அந்த ரகம்தான். பிரேக் பேட் மாற்றுவதை 'அப்புறம்' என்ற பட்டியலில் வைத்திருந்தேன்.

டர்போவுக்கு ஆயில் திரும்பி வர சம்ப்பில் ஓட்டை போட வேண்டும். டர்போவிலிருந்து ஆயில் அழுத்தத்தில் திரும்பி வராது, தானாக வழிந்துதான் வரும். ஆகவே ஓட்டை சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். இந்த ஓட்டையைப் போட்டுத்தரச் சொல்லி, எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டிருந்தேன். டிரில் பிட்டில் கிரீஸைத் தடவிக்கொண்டால் உலோகத் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், உள்ளே விழாது என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் வந்தார். கிரீஸ் டப்பாவைப் பார்த்தார். டர்போவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கம்ப்ரஷன் பாத்தியா தம்பி?" என்றார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுதுண்ணே."

"நான் ஓடுதான்னு கேக்கல. கம்ப்ரஷன் பாத்தியான்னு கேட்டேன்."

பார்க்கவில்லை. இன்ஜெக்டர் கணக்கைத் தசம புள்ளிவரை போட்டவன், ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை பிஎஸ்ஐ அழுத்தம் பிடிக்கிறது என்று ஒரு மீட்டரை எடுத்து நாலு பிளக் ஓட்டையில் வைத்துப் பார்க்கவில்லை.

இன்ஜின் சூடாக இருந்தது. நாலு பிளக்கையும் கழற்றினோம். இன்ஜெக்டர் கனெக்டர்களையும் காயிலையும் பிடுங்கிவிட்டோம். ஆக்ஸிலரேட்டரை நான் தரையோடு மிதித்துக்கொள்ள, அவர் மீட்டரை முதல் சிலிண்டரில் திருகினார். ஸ்டார்ட்டர் ஆறு தடவை மூச்சு வாங்கியது. 172. இரண்டாவது, 175. மூன்றாவது, 170. நாலாவதில் ஊசி தயங்கித் தயங்கி ஏறி 128இல் நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. மீட்டரைக் கழற்றி, துடைத்து, மறுபடி திருகி, "மிதி" என்றார். 128.

பிறகு ஒரு ஸ்பூன் ஆயிலை அந்த ஓட்டையில் விட்டார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து ஊசி மேலே ஏறும். ஏறியது, இரண்டே பிஎஸ்ஐ. "ரிங் இல்ல. வால்வு" என்றார். நாலாவது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றைச் செலுத்தி, என்னை வண்டியின் பின்னால் போய் சைலன்சரில் காது வைக்கச் சொன்னார். குனிந்தேன். தூரத்தில் யாரோ பல்லிடுக்கில் விசிலடிப்பது போல மெல்லிய 'உஸ்ஸ்'. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காரவில்லை.

எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கிவைப்பது, சீட்டில் அழுந்தி உட்காருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். சரியாக உட்காராத வால்வு குளிராது. குளிராத வால்வின் விளிம்பு கருகும். கருகிய இடத்தில் இன்னும் ஒழுகும். இதன் மேல் டர்போவைப் போட்டிருந்தால் எக்ஸாஸ்ட்டில் அழுத்தமும் சூடும் கூடி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த வால்வில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். பழியை நான் டர்போவின் மேல் போட்டிருப்பேன். டர்போ போட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லிக்கொண்டு அலைகிறவர்களில் எத்தனை பேர் முதலில் கம்ப்ரஷன் பார்த்தார்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது.

அன்று மாலை சம்ப்பில் ஓட்டை விழவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்க்கலாம். ஹெட்டைக் கழற்றினால் கீழே ரிங்குகளை அப்படியே விட மனசு வராது. பிஸ்டனை வெளியே எடுத்தால், டர்போதான் போடப் போகிறோமே, கம்ப்ரஷன் குறைந்த ஃபோர்ஜ்டு பிஸ்டனே போடலாமே. பிஸ்டன் மாற்றினால் ராடு. ராடு மாற்றினால் பேரிங். எழுதிக்கொண்டே போனதில் தாளின் அடிவரை வந்துவிட்டோம். இருக்கிற இன்ஜினுக்கு டர்போ போடுவது மலிவு என்ற கணக்கு, இருக்கிற இன்ஜின் நல்ல நிலையில் இருக்கும்வரைதான். திறந்து பார்க்க வேண்டிய இன்ஜின் என்று ஆகிவிட்டால், பழைய இன்ஜினுக்குச் செய்கிற மரியாதையும் புது இன்ஜினுக்குக் கொடுக்கிற விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

"உனக்கு எவ்வளவு வேணும்?" என்று அண்ணன் கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. லாரிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "இதுக்கா 200 குதிரை?"

பின்பக்கம் இடிபட்டு நொறுங்கிய ஒரு எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர், அவருக்குத் தெரிந்த இடத்தில் நின்றது. முன்பக்கம் கீறல்கூட இல்லை. இன்ஜினைக் கழற்றுவதற்கு முன், அந்த வண்டியிலேயே வைத்து மீட்டரைத் திருகிப் பார்த்தோம். 185, 183, 186, 184. அப்புறம்தான் பேரம். அதே குடும்பம் என்பதால் மவுண்ட் அதே இடம், பழைய கியர்பாக்ஸ் அப்படியே பொருந்தியது, பெரிய கிளட்ச்சும் கூடவே வந்தது. பின்னாலிருந்த 7 அங்குல டிஃபரென்ஷியல் இடியில் தப்பித்திருந்தது. அதையும் அரையாக்ஸில்களோடு எடுத்துக்கொண்டோம். டர்போவுக்கென்று வாங்கிய ஈசியூவும் இன்ஜெக்டரும் வீணாகவில்லை. இரண்டு வாரக் கடைசி, நடுவில் ஐந்து நாள் பஸ். களிமண் தேவைப்படவில்லை. எந்த இன்ஜினை இறக்கினாலும் பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண்ணை மாற்றவும் இன்சூரன்ஸில் சொல்லவும் வேண்டும் என்பதால் அந்த அலைச்சல் மட்டும் தனி.

காகிதத்தில் இது வெட்கப்படுகிற மாற்றம். 116 குதிரை 130 சொச்சம் ஆனது. முறுக்குவிசை 136 நியூட்டன் மீட்டரிலிருந்து 149. கே24 நண்பன் இதைக் கேட்டு, "இதுக்குப் பேரு இன்ஜின் மாத்துறதாடா?" என்றான். மேட்டுச் சாலை லாரி விஷயத்தில் பட்டிமன்றம் முழுக்க முடியவில்லை, ஆனால் சீக்கிரம் தீர்ப்பு வருகிறது. பிரேக் பேடும் மாற்றிவிட்டேன்.

200 குதிரை வேண்டும் என்று நிஜமாகவே கேட்பவரிடம் நான் என்ன சொல்வேன்? வேறு வண்டி இருக்கிறதா, வயரிங்கில் கை ஓடுமா, பிறகு பல வருடம் மூடியைத் திறக்காமல் ஓட்ட ஆசையா? இன்ஜினை மாற்றுங்கள். இருக்கிற இன்ஜின் நாலு சிலிண்டரிலும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா, 7 பிஎஸ்ஐயோடு நின்றுவிடுகிற அடக்கம் உண்டா, டியூனிங்குக்குக் காசு ஒதுக்கியிருக்கிறீர்களா? டர்போ போடுங்கள். அந்த அடக்கம்தான் கஷ்டம். பூஸ்ட்டைக் கூட்டுகிற திருகு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. கொள்ளளவைக் கூட்டுகிற திருகை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1.8இன் அந்த நாலு எண்களையும் பானெட்டின் உள்பக்கத்தில் மார்க்கரால், தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். போன மாதம் அண்ணன் வந்தபோது மறுபடி மீட்டரைத் திருகினோம். 184, 183, 185, 183. அவர் நாலாவதை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "எங்க வச்சிருக்க அத?" என்றார்.

மேல்தட்டைக் காட்டினேன். எட்டி எடுத்து, துணியை விலக்கி, சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினார். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பிறகு துணியைச் சுற்றி, பழைய இடத்தில் வைக்காமல், ஸ்பானர் பெட்டிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தட்டில் வைத்துவிட்டுப் போனார்.